மைக் செட் காதுக்கு ஆறு படங்கள்

புரட்டாசியில் முகூர்த்தம் கிடையாது. மைக் செட் வைத்திருக்கிற எங்களுக்கு அது ஒயர் சுற்றி வைக்கிற மாதம். ஆடியில் அம்மன் கோயில், ஆவணியில் கல்யாணம், பிள்ளையார் சதுர்த்தி என்று ஓடிய பெட்டிகளை இறக்கித் துடைத்து, கிழிந்த கோனை மாற்றி, எரிந்த யூனிட்டுக்கு டயாபிரம் போட்டு வைத்தோம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டிலேயே உட்கார்ந்து படம் பார்த்தோம். எல்லாம் தியேட்டரில் விட்டுப்போன படங்கள்தான். புதுப்படம் வருகிற வாரக் கடைசியில் நான் ஏதாவது ஒரு மண்டபத்தில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சருக்குப் பின்னால் இருப்பேன். கூடப் பார்த்தவர்கள் அம்மா, என் மனைவி, கல்லூரியில் படிக்கிற மகள்.

நான் படத்தை முதலில் காதால்தான் பார்க்கிறேன். கடைசி வரிசைப் பாட்டிக்கு மந்திரம் கேட்கிறதா, பந்தியில் பேசுகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் நாகஸ்வரம் போய்ச் சேருகிறதா என்று பார்த்துப் பார்த்தே பழகிய காது. அம்மாவுக்கு ஒரு காது மந்தம். அதனால் எங்கள் வீட்டில் ஒரு படம் பிழைப்பதும் படுப்பதும் வசனம் கேட்பதில்தான் இருக்கிறது.

படங்களுக்குப் போவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். "பாட்டு காதைக் கிழிக்குது, பேச்சு கேக்கவே இல்ல" என்று எல்லா வீட்டிலும் புலம்புகிறார்கள். ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு வசனத்துக்கு ஏற்றுவதும் சண்டைக்கு இறக்குவதுமாக இருக்கிறார்கள். தியேட்டரில் திரைக்குப் பின்னால் நடுவில் தனியாக ஒரு ஸ்பீக்கர் இருக்கும். வசனம் பெரும்பாலும் அதில்தான் வரும். இசையும் மற்ற சத்தங்களும் இரண்டு பக்கமும் சுற்றிலும் உள்ள பெட்டிகளுக்குப் பிரிந்து போகும். வீட்டு டிவியில் இருப்பது இரண்டு சின்ன ஸ்பீக்கர். அதுவும் இப்போதைய ஒல்லி டிவிகளில் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்துக்கொண்டிருக்கும். அத்தனையையும் அந்த இரண்டில் அடைக்கும்போது முதலில் அமுங்குவது பேச்சு. ஆடியோ மெனுவில் 5.1 (பல பெட்டிகளுக்குப் பிரித்த சத்தம்) என்று இருந்தால் ஸ்டீரியோ (இரண்டு பெட்டிக்கானது) என்று மாற்றிப் பாருங்கள், பாதி வியாதி தீரும். மீதிக்கு நான் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை டிவியோடு இணைத்து, இரண்டு பெட்டியை உட்காருகிறவர்களின் காது உயரத்துக்கு வைத்தேன். பெரிய சத்தம் வேண்டும் என்று செய்யவில்லை. சின்னச் சத்தத்திலேயே தெளிவு வேண்டும் என்றுதான் செய்தேன்.

முதலில் பார்த்தது மெய்யழகன். பிரேம்குமார் எடுத்து 2024இல் வந்தது. கதை நடப்பது எங்கள் பக்கம். தஞ்சாவூர் வீட்டை 1996இல் சொந்தக்காரர்களிடமே இழந்துவிட்டுச் சென்னைக்குப் போன குடும்பத்துப் பையன், இருபத்திரண்டு வருஷம் கழித்துச் ஒன்றுவிட்ட தங்கை கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வருகிறான். நீடாமங்கலம் எங்களுக்கு அடுத்த ஊர். ரயில்வே கேட் போட்டுவிட்டால் செட் ஏற்றிய வண்டியோடு அங்கே நான் நின்ற நேரத்துக்குக் கணக்கே இல்லை. அந்த ஊரைத் திரையில் பார்த்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அரவிந்த்சாமி கல்யாணத்தில் தலையைக் காட்டிவிட்டு ராத்திரியே ஊர் திரும்ப நினைக்கிறார். கார்த்தி "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறார். யார் இவன், பெயர் என்ன, எந்த வழியில் உறவு, ஒன்றும் இவருக்கு ஞாபகம் இல்லை. கேட்கவும் கூச்சம். அந்தக் கூச்சத்தை வைத்தே படத்தை ஓட்டுகிறார்கள். பஸ் தவறிப்போகிறது, ராத்திரி முழுக்கப் பேச்சுதான்.

மேடைக் காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. தங்கைக்கு அண்ணன் கொண்டு வந்த நகைகளை அவள் அங்கேயே, வரிசையில் நிற்கிறவர்களை நிறுத்தி வைத்துவிட்டு, பிரித்துப் போட்டுக்கொள்கிறாள். எங்கள் மிக்சர் எப்போதும் மேடைக்குப் பக்கவாட்டில் இருக்கும். ஃபோட்டோகிராஃபருக்குத் தெரியாத கோணம் எங்களுக்குத் தெரியும். பேச்சுவார்த்தை விட்டுப்போன அண்ணன் வரிசையில் ஏறி வருவதை, கல்யாணப் பெண் நான்கு பேருக்கு முன்னாலேயே பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பைக் கசக்குவதை நான் நிஜமாகவே பார்த்திருக்கிறேன். அதை இவ்வளவு சரியாக எழுதிய படம் வேறு எனக்குத் தெரியாது. அரவிந்த்சாமி அந்த இடத்தில் குரலை ஏற்றவே இல்லை. அவர் குரல் படம் முழுக்கத் தாழ்ந்தே இருக்கிறது, ஆனாலும் ஒரு சொல் விழாமல் கேட்கிறது. அம்மா ஒரு தடவைகூட "என்ன சொன்னான்?" என்று கேட்கவில்லை.

கோவிந்த் வசந்தாவின் வயலின் பேச்சுக்கு வழிவிட்டு நிற்கிறது. கமல் பாடிய 'யாரோ இவன் யாரோ' வருகிற இடத்தில் மட்டும் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். குறை என்றால் கார்த்தியின் பாத்திரத்துக்கு ஒரு கசப்பும் இல்லை, அவ்வளவு வெல்லமாக ஒரு மனுஷனா என்று இடையில் தோன்றுகிறது. படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தபோதே நீளம் என்று சொல்லிச் சுமார் 18 நிமிடத்தை எடுத்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ராத்திரி மொட்டை மாடியில் இரண்டு பேர் பேச ஆரம்பித்தால் பேச்சு ஜல்லிக்கட்டுக்கும் போகும், சோழனுக்கும் போகும். கடிகாரம் பார்த்துப் பேசினால் அது உறவு இல்லை. வீட்டில் பார்க்கிறவர்களுக்கு நீளம் ஒரு கஷ்டமே இல்லை, நடுவில் எழுந்து காபி போட்டுக்கொள்ளலாம்.

லப்பர் பந்து அடுத்து. தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம், 2024 செப்டம்பரில் வந்தது. எங்கள் தொழிலுக்கு உள்ளூர் கிரிக்கெட் டோர்னமெண்ட் ஒரு முக்கியமான வரும்படி. மைதான ஓரத்தில் சாமியானா, ஒரு மைக், இரண்டு பெட்டி, விக்கெட் விழுந்தால் ஒரு பாட்டு. இதில் கெத்து என்கிற அட்டகத்தி தினேஷ் இறங்கும்போது 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' போடுகிறார்கள். 1989இல் வந்த பொன்மனச் செல்வனில் இளையராஜா போட்டது. விஜயகாந்த் காலமானது 2023 டிசம்பரில். அடுத்த வருஷமே இந்தப் படத்தில் அந்தப் பாட்டு. அதன் தொடக்கத்தைக் கேட்டதும் எங்கள் தெருவில் அவருக்குக் கட்டிய தோரணமெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. எந்த ஆட்டக்காரருக்கு எந்தப் பாட்டு என்று மைக் செட்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் ஒரு மரியாதைதான். அந்த மரியாதை இந்த இயக்குநருக்குத் தெரிகிறது.

மாமனார் ஆகப்போகிறவருக்கும் மருமகன் ஆகப்போகிறவருக்கும் மைதானத்தில் ஈகோ, நடுவில் மகள். கதையைக் கேட்டால் சாதாரணம். உள்ளே சாதி ஓடுகிறது. திறமை இருந்தும் மருமகன் ஆகப்போகிற அன்புவை ஏன் டீமில் சேர்க்க மாட்டார்கள் என்பதை யாரும் மேடை போட்டுச் சொல்லவில்லை, பார்க்கிறவருக்கே புரிகிறது. எனக்குப் படத்தில் மிகவும் பிடித்தது கெத்துவின் மனைவியாக வரும் சுவாசிகா. டிராக்டரோடு மைதானத்துக்குள் வருகிற யசோதையைப் பார்த்ததும் என் மனைவி கை தட்டினாள். கிரிக்கெட் படத்தில் கிரிக்கெட் ஆடாதவள்தான் எல்லாருக்கும் மேலே நிற்கிறாள். புருஷன் வீட்டுக்கும் தன் மரியாதைக்கும் நடுவில் அவள் எடுக்கிற முடிவுகளுக்குப் படம் பொறுமையாக நேரம் கொடுக்கிறது. மாமியாராக வரும் கீதா கைலாசத்துக்கும் அவளுக்கும் உள்ள உறவை இன்னும் பத்து நிமிஷம் காட்டியிருந்தாலும் நாங்கள் பார்த்திருப்போம். ஷான் ரோல்டன் இசையில் ஆட்டம் நடக்கும்போது சத்தம் ஏறினாலும் கமெண்ட்ரி தெளிவாகவே கேட்டது.

குடும்பஸ்தனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், பார்த்துவிடுங்கள். கோயம்புத்தூர், வேலை போன பையன், கடனுக்கு மேல் கடன், அப்பாவுக்கு ஒரு ஆசை, அம்மாவுக்கு ஒரு ஆசை. மணிகண்டன் பொய் சொல்லும்போது குரலில் சின்னதாக ஒரு அவசரம் வரும், அது அச்சு அசலாக இருக்கிறது. அக்கா புருஷனாக வரும் குரு சோமசுந்தரம் வாயைத் திறந்தாலே எரிச்சல் வருகிறது, அவ்வளவு நல்ல நடிப்பு. கொங்குப் பேச்சு வேகம். அம்மா பாதியைத் தவறவிட்டார். தமிழ்ப் படத்துக்கு ஆங்கிலத்தில் எழுத்துப் போடுகிறார்கள், தமிழிலேயே போட்டால் காது மந்தமான எத்தனை பெரியவர்கள் படம் பார்ப்பார்கள்! சில படங்களுக்குத் தமிழ் எழுத்து இருக்கிறது, பல படங்களுக்கு இல்லை. இதை எல்லா ஓடிடி கம்பெனிகளும் கட்டாயமாகச் செய்ய வேண்டும்.

கொட்டுக்காளிக்குத்தான் இத்தனையும் எழுதுகிறேன். பி. எஸ். வினோத்ராஜ் படம். 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவில் முதலில் திரையிட்டு, ஆகஸ்டில் இங்கே வந்தது. பின்னணி இசை என்று ஒன்று கிடையாது. ஒரு சொட்டுக்கூட இல்லை. தியேட்டரில் பார்த்த நண்பர்கள் சிலர் "என்னண்ணே, சத்தமே இல்ல" என்றார்கள். சத்தம் இல்லையா? என் காதுக்கு இந்த ஆறு படத்திலும் சத்தம் அதிகம் உள்ள படம் இதுதான். ஆட்டோ இன்ஜின் மேட்டில் ஏறும்போது ஒரு மாதிரி, இறங்கும்போது ஒரு மாதிரி. பைக்குகள் பின்னால் ஒட்டி வருகிற சத்தம், சேவல் கொக்கரிப்பு, ஈ, காற்று. எதையும் இசை போட்டு மூடவில்லை.

கதை இவ்வளவுதான்: மீனா வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்து, கட்டிக்கொள்ளப்போகிற பாண்டியும் இரண்டு குடும்பமும் அவளை ஆட்டோவில் ஏற்றிப் பூசாரியிடம் கூட்டிப்போகிறார்கள். போகிற வழிதான் படம். அன்னா பென் மீனா. படம் முழுக்க வாயைத் திறப்பதே இல்லை என்று சொல்லலாம். சூரி பாண்டி. தொண்டை கட்டிப்போய், கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, உடைந்த குரலில் படம் பூராவும் பேசுகிறார்.

அந்தக் குரலைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். தேர்தல் சமயத்தில் நாள் முழுக்க வேனில் கத்திவிட்டு ராத்திரி மேடைக்கு வருகிற பேச்சாளர்களுக்கு மைக் கொடுத்திருக்கிறேன். தொண்டை போனவர் பேசும்போது அடிக்குரல் இருக்காது, காற்றும் கீறலும்தான் வரும். பேஸை ஏற்றினாலும் பிரயோஜனம் இல்லை. கோபப்பட்டால் சத்தம் வராது, அதனால் கோபம் இன்னும் கூடும். சூரி அதை அப்படியே செய்கிறார். அதட்ட நினைக்கிறார், குரல் பிசிறுகிறது. ஒரு ஆம்பிளை தன் அதிகாரத்தைக் குரலில்தான் வைத்திருக்கிறான், அது போனதும் மிச்சம் இருப்பது கைதான். அந்தக் கை எப்போது எழுமோ என்று பயந்துகொண்டே இருந்தோம்.

எழுகிறது. வழியில் ஏதோ விசேஷத்தில் ஒரு பாட்டு போட்டிருக்கிறார்கள். மீனா உதடு அசையாத மாதிரி அதை முணுமுணுக்கிறாள். அவளிடமிருந்து வருகிற சத்தமே அவ்வளவுதான். பாண்டி ஆட்டோவில் இருக்கிற அத்தனை பேரையும் அடிக்கிறான். பெண்கள், பெரியவர்கள், தடுக்க வந்தவர்கள், பேதமே இல்லை. நான் உறைந்துபோனேன். ஊருக்கு வெளியே ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டைப் போட்டால் அது காற்றில் அலைந்து போகும், ஒரு நேரம் கிட்டக் கேட்கும், ஒரு நேரம் தேயும். எந்த வீட்டுக்குள் போகிறது, யார் எதை நினைத்துக்கொண்டு கூடவே பாடுகிறார்கள் என்று போடுகிறவனுக்குத் தெரியாது. இத்தனை வருஷமாகப் பாட்டுப் போடுகிறேன். அதைக் கேட்டுப் பாடியதற்காக ஒரு பெண் அடி வாங்கியிருக்கக்கூடும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. படம் முடிந்து இத்தனை நாள் கழித்தும் அந்த இடம் மனசை விட்டுப் போகவில்லை.

சின்னச் சின்ன இடங்களும் உண்டு. ரோட்டை மறித்துக்கொண்டு ஒரு காளை நிற்கிறது. மீசை வைத்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் தள்ளி நிற்கிறார்கள். ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக அதை ஓட்டிக்கொண்டு போகிறாள். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. கால் கட்டிய சேவலும் மீனாவும் ஒருவரை ஒருவர் பார்க்கிற இடத்தில் என் மகள், "அப்பா, ரெண்டு பேரையும் ஒரே இடத்துக்குத்தான் கூட்டிட்டுப் போறாங்க" என்றாள். முடிவைத் திறந்து விட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு அது ஒப்பவில்லை. "அந்தப் பையன் கடைசியில என்னதான் செஞ்சான், சொல்லிட்டுப் போக வேண்டாமா?" என்று மறுநாள் காலையிலும் கேட்டார். என் மனைவி, "அத்தை, நீங்களா இருந்தா என்ன செய்வீங்கன்னுதான் கேக்குறாங்க" என்றாள். இரண்டு பேரும் அரை மணி நேரம் அதையே பேசினார்கள். அம்மா தன் காலத்தில் பேயோட்டக் கூட்டிப்போன பெண்கள் இரண்டு மூன்று பேரின் பெயரைச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அந்தப் பெயர்களை நான் கேட்டதில்லை.

இதை வீட்டில் பார்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பகலில் பார்க்காதீர்கள். மிக்சியும் குக்கரும் ஓடும்போது பார்த்தால் ஒன்றுமே நடக்காத படம் என்று தோன்றும். ராத்திரி, மின்விசிறியைக்கூட ஒரு புள்ளி குறைத்துவிட்டுப் பாருங்கள். டிவியில் 'நைட் மோட்' என்று ஒன்று இருக்கும். பெரிய சத்தத்தை அமுக்கிச் சின்னச் சத்தத்தை ஏற்றி எல்லாவற்றையும் சமமாக்கிவிடும். மசாலாப் படத்துக்கு அது சௌகரியம். இதற்கு அணைத்துவிடுங்கள். தூரத்தில் இருக்கிறது தூரத்தில் கேட்க வேண்டும்.

அதற்கு அடுத்த நாள் மனசு லேசாக வேண்டும் என்று டூரிஸ்ட் ஃபேமிலி போட்டோம். 2025 மே முதல் தேதி வந்த படம், அபிஷன் ஜீவிந்த் என்கிற இளைஞருக்கு இது முதல் படம். இலங்கையிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்து இறங்குகிற குடும்பம், சென்னையில் ஒரு காலனியில் குடியேறுகிறது. பேச்சை வைத்துப் பிடித்துவிடுவார்கள் என்பதால் பக்கத்து வீட்டில் பேசக்கூடாது என்று யோகி பாபு எச்சரிக்கிறார். பேச்சை மறைத்து வாழ்கிற கதை என்பதால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சசிகுமாரின் பேச்சில் யாழ்ப்பாணத்து இழுப்பு சில இடங்களில் நழுவி நம்ம மதுரைப் பக்கம் வந்துவிடுகிறது. கதையின் உயிரே பேச்சு எனும்போது அதில் இன்னும் உழைத்திருக்க வேண்டும். சின்னப் பையன் கமலேஷ் பேசுகிறதும் ஆடுகிறதும் அவ்வளவு இயல்பு. காலனியில் ஒரு மரணம் நடக்கிறதே, அந்த வீட்டு வாசலில் ஒருவரை ஒருவர் முகம் பார்க்காதவர்கள் ஒவ்வொருவராக வந்து நிற்கிற காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். காலனியில் எல்லாரும் இவ்வளவு சீக்கிரம் நல்லவர்களாகிவிடுவது எனக்கு முழுசாக ஒப்பவில்லை. அம்மாவுக்கு ஒப்பியது, இரண்டாம் தடவை பார்க்க வேண்டும் என்றார்.

கடைசியாக மலையாளத்தில் உள்ளொழுக்கு. கிறிஸ்டோ டோமி எடுத்தது, 2024. குட்டநாட்டில் வெள்ளம். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். இறந்துபோன மகனைப் புதைக்க இடுகாட்டில் தண்ணீர் வடிய வேண்டும், அதுவரை மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் காத்திருக்கிறார்கள், இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு ரகசியம். கொள்ளிடக் கரையிலும் கடைமடையிலும் வெள்ளம் பார்த்தவர்களுக்கு, வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போது அது சும்மா நிற்காது என்று தெரியும். யார் நடந்தாலும் சுவரில் போய் மோதித் திரும்பும். அந்தச் சத்தம் படம் முழுக்க இருக்கிறது. இரண்டு பேர் கட்டிலில் உட்கார்ந்து மனசுக்குள் இருப்பதைச் சொல்ல முடியாமல் திணறும்போதும் கீழே அது அலம்பிக்கொண்டே இருக்கிறது. மழைச் சத்தத்துக்கு மேலே வசனத்தைத் தெளிவாக வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று மழைநாளில் கல்யாணத்துக்கு மைக் செட் போட்டவனுக்குத் தெரியும். இதில் ஒரு சொல்லும் கரையவில்லை.

பார்வதி நன்றாகச் செய்திருக்கிறார். ஊர்வசி அதற்கும் மேலே. முந்தானை முடிச்சில் 1983இல் பார்த்த அதே பெண் என்று அம்மாவால் நம்ப முடியவில்லை. மருமகளிடம் கெஞ்சுகிறாரா மிரட்டுகிறாரா என்று பிரிக்க முடியாத ஒரு தொனியில் பேசுகிறார், ஒரே வாக்கியத்துக்குள் இரண்டும் இருக்கிறது. இதற்காக அவருக்கு 2025இல் அறிவித்த தேசிய விருதுகளில் சிறந்த துணை நடிகை விருது கொடுத்தார்கள். துணை நடிகை என்றது எனக்குக் கோபம்தான். படத்தைத் தோளில் சுமக்கிறவர் எப்படித் துணையாவார்? கேரள அரசு அவரைச் சிறந்த நடிகை என்றே சொல்லியது, அதுதான் சரி. மலையாளத்திலேயே பாருங்கள். நமக்கு முக்கால்வாசி புரியும், மீதியை ஊர்வசியின் குரல் சொல்லிவிடும்.